எஃப்.சி. ஃபெயிலான ஜூலை

ஜூலை 3, வியாழன்

இன்று ஒரு அரசாங்க அதிகாரியிடம் செங்கலைப் பற்றிப் பொய் சொன்னேன். ஐம்பத்திரண்டு வயதில், பத்துப் பேர் பார்க்க, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு.

என் பெயரில் இந்த ஊரில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. கோகிலா மகளிர் டிரைவிங் ஸ்கூல். ஒரே ஒரு வெள்ளைக் கார், ஒரே ஒரு வாத்தியார். அந்த வாத்தியார் நான். காருக்கு வயது பன்னிரண்டு. இந்த வயதில் பயிற்சிக்கு ஓடும் வண்டியை வருஷம் ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் நிறுத்தி, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று எஃப்.சி. வாங்க வேண்டும். இத்தனை வருஷமும் மெக்கானிக் வெள்ளியங்கிரிதான் காலையில் காரை எடுத்துக்கொண்டு போவான், சாயங்காலம் சீட்டோடு வருவான். நடுவில் என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. கறிக்கடையில் நின்றுகொண்டு ஆட்டின் பெயரைக் கேட்கிறோமா என்ன?

இந்தத் தடவை புது இன்ஸ்பெக்டர். ஓனர் நேரில் வரவேண்டும் என்று உத்தரவு. போனால், இருபத்தெட்டு வயதுப் பெண். மற்ற அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வண்டியின் நலம் விசாரிப்பார்கள் என்று கேள்வி. இவள் காக்கிச் சட்டையோடு மண்ணில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துக்கொண்டு காருக்கடியில் போய்விட்டாள். பார்க்கவே எனக்கு என்னவோ போல இருந்தது. படித்த பெண், உத்தியோகத்தில் இருப்பவள், தலைமுடியெல்லாம் மண்.

வெளியே வந்தவள் காரை மைதானத்து மேட்டில் ஏற்றச் சொன்னாள்.

"ஹேண்ட் பிரேக் போடுங்க மேடம்."

இழுத்தேன். என் காது வரைக்கும் வந்தது. கார் மெதுவாக, மரியாதையாக, பின்னால் இறங்கியது. பழக்க தோஷம், என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் கால் பிரேக்கை மிதித்து நிறுத்தி, கியரில் போட்டுவிட்டு, சீட்டுக்கடியில் கைவிட்டு எப்போதும் எடுப்பதை எடுத்து, இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டேன்.

"இது என்ன மேடம்?"

"செங்கல்லுங்க."

"கார்ல எதுக்கு?"

"ஆயுத பூஜைக்கு வெச்சதுங்க. எடுக்க மறந்துட்டோம்."

"இது ஜூலை மேடம்."

பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தூ.

ஃபெயில். ஹேண்ட் பிரேக் இல்லை. நாலு டயரும் என் உள்ளங்கை போல மழமழ. முன்சீட்டுக் கால்மிதியைத் தூக்கினால் தரை துருப்பிடித்து ஓட்டை, அதன் வழியே மைதானத்துப் புல் தெரிந்தது. நான் உட்காரும் பக்கம், நான் கால் வைக்கும் இடம். எல்லாம் சரி செய்து மறுபடி காட்டும் வரை கார் ரோட்டில் ஓடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அழகான கையெழுத்து வேறு.

ஜூலை 4, வெள்ளி

வகுப்புகள் நிறுத்தம். ஏழு பேருக்குப் போன் செய்து "காருக்குச் சின்ன சர்வீஸ்" என்றேன். எட்டாவதாக மகுடேஸ்வரிக்கும் அதைத்தான் சொன்னேன். 

மகுடாவுக்கு முப்பத்தொரு வயது. நகராட்சிக் காண்ட்ராக்டில் தெருக்கூட்டும் வேலை. புருஷன் திருப்பூரில் இருக்கிறான் என்று அவள் சொல்கிறாள். இல்லை என்று ஊர் சொல்கிறது. ஊர் என்றால் பாதி நான்தான். குப்பை வண்டி ஓட்டப் பெண்களை எடுக்கிறார்கள், லைசென்ஸ் இருந்தால் துடைப்பத்தை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். ஆனால் இந்த மாதம் 31-க்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் லிஸ்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு டெஸ்ட் 28-ந் தேதி. டெஸ்டுக்கு ஸ்கூல் காரில்தான் போக வேண்டும். ஸ்கூல் கார் என்றால் என் கார்.

இது அவளுக்கு இரண்டாவது டெஸ்ட். மே மாதம் முதல் டெஸ்டில் நடந்ததை நான் இந்த ஊரில் ஒன்பது இடத்தில் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று பெருக்க வைத்து. மேட்டில் நிறுத்தச் சொன்னார் அப்போதிருந்த இன்ஸ்பெக்டர். நிறுத்தினாள். கார் பின்னாலேயே உருண்டு போய் டீக்காரரின் கேனை இடித்துத் தள்ளி, டீ ஆறாக ஓடி, டீக்காரர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே! பால் பூத்தில் அதை நான் நடித்தே காட்டுவேன். "ஹேண்ட் பிரேக்கை இழுடின்னா, சேலையை இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா!" என்று முடிப்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. அஜீரணமாக இருக்கலாம்.

ஜூலை 5, சனி

பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூலில் ஒரு நாளைக்குக் கார் இரவல் கேட்கலாமே என்றாள் மகுடா. அவர்கள் தரமாட்டார்கள் என்றேன்.

சாப்பிடும்போது வீட்டுக்காரரும் அதையே கேட்டார். இவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கே கரண்ட் கசிகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவார்.

"ஏம்புள்ள, அவனக் கேட்டியா?"

"கேட்டனுங்க. முடியாதுன்னுட்டான்."

(கேட்கவில்லை. அந்த ஸ்கூல்காரன் பெண்டாட்டிக்கு இது தெரிந்தால் சாயங்காலத்துக்குள் மூன்று வார்டுக்குத் தெரியும். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.)

ஜூலை 7, திங்கள்

ஓட்டையை வெல்டிங் வைக்க வேண்டும் என்றால் முதலில் சீட்டுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுக்கச் சொல்லிவிட்டான் வெள்ளியங்கிரி. சொல்லாமலே மகுடா வந்து நின்றாள், கையில் அவளுடைய ரப்பர் கையுறை.

சீட்டைத் தூக்கினோம். கடவுளே! பன்னிரண்டு வருஷமாக இந்த ஊர்ப் பெண்கள் உதிர்த்த முடியெல்லாம் பந்து பந்தாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, தூசி சேர்த்துப் பாய் மாதிரி. அதற்குள் எலி வீடு கட்டியிருந்தது. பஞ்சைப் பிய்த்து மெத்தை போட்டு, எங்கிருந்தோ கோழி எலும்பு கொண்டு வந்து சேர்த்து, குட்டிகூடப் போட்டிருந்தது. குட்டிகளில் ஒன்று காய்ந்து வடகம் போல ஒட்டிக் கிடந்தது. அதன் மேல்தான் நான் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தியிருக்கிறேன். வாசலுக்கு ஓடிப் போய்க் காலை இட்லி மூன்றையும் வாந்தி எடுத்தேன்.

"நீங்க தள்ளி நில்லுங்க்கா. எனக்கு இது பழக்கந்தானுங்க" என்றாள் மகுடா. குமட்டவே இல்லை அவளுக்கு. வீட்டுக்கு வீடு நாம் கட்டிக் கொடுக்கும் மூட்டையைத் திறந்தவளுக்கு எலிக்குட்டி எம்மாத்திரம்.

குனிந்து வழித்துக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக் இடைஞ்சலாக இருந்தது. அதை ஒரு விரலால் தூக்கினாள். வந்தது. இறக்கினாள். மறுபடியும் ஒரு விரலால் தூக்கினாள். மறுபடியும் வந்தது.

அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு இறக்கிவிட்டு முடியை அள்ளிச் சாக்கில் போட்டாள்.  நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் போகிற மாட்டைப் பார்த்தேன். நல்ல மாடு.

ஜூலை 8, செவ்வாய்

தலைவலி. பால் பூத்துக்கு இவரை அனுப்பினேன்.

ஜூலை 10, வியாழன்

வெள்ளியங்கிரியின் பட்டறை. கீழே சிந்திய ஆயில் செருப்பில் ஒட்டிக்கொண்டு சப்பக் சப்பக் என்கிறது. அவன் பல் குத்திய குச்சியாலேயே ஸ்க்ரூவை நெம்புகிறான், பிறகு அதையே காதில் சொருகிக்கொள்கிறான்.

"எதுக்குங்க்கா மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? எஃப்.சி. டயர் நம்மகிட்ட இருக்குதுங்களே."

எஃப்.சி. டயர் என்றால் வேறொன்றும் இல்லை, நாலு நல்ல டயர். பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கு இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் வாடகைக்கு மாட்டுவது. பாஸானதும் கழற்றி அடுத்த வண்டிக்கு. தீயணைக்கும் சிலிண்டரும் முதலுதவிப் பெட்டியும்கூட அப்படித்தானாம். அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு பேண்டேஜ், அதுவும் யாரோ ஒட்டிப் பிய்த்தது.

"ஹேண்ட் பிரேக்கு?"

"ஒரு நாளைக்கு நிக்கற மாதிரி டைட் வெச்சுத் தர்றனுங்க. மேட்டுல கல்லாட்டம் நிக்கும்."

"அடுத்த நாளு?"

"அடுத்த நாளு எதுக்குங்க நிக்கோணும்?"

சீச்சீ, என்ன பிழைப்பு இது என்று நினைத்தேன். திங்கட்கிழமைக்குத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

மறுபடியும் ஃபெயில். இந்தத் தடவை பொட்டினால்.

மத்தியானம் கார் மைதானத்தில் ஜம்மென்று நின்றது. தரையில் தகரம் வைத்து வெல்டிங், அதன் மேல் கறுப்புப் பெயிண்ட். மேட்டில் ஏற்றி ஹேண்ட் பிரேக் போட்டேன், கல் மாதிரி நின்றது. நானும் கல் மாதிரி நின்றேன். இன்ஸ்பெக்டர் பெண் தலையாட்டிக்கொண்டே ஒவ்வொரு டயராகக் குனிந்து பார்த்தாள். மூன்றாவது டயரிடம் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், டயருக்குப் பொட்டு வெச்சது யாரு?"

அப்போதுதான் பார்த்தேன். டயரின் ஓரத்தில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"நாந்தானுங்க. நல்ல காரியத்துக்கு வர்றமேன்னு."

"காலைல பத்து மணிக்கு ஒரு சின்ன வேன் வந்துச்சு. இதே பொட்டு. இந்தக் கடைசிப் பொட்டு இதே மாதிரி கோணலா இருந்துச்சு. நான்தான் பாஸ் போட்டேன்."

வேன்காரர் பயபக்தியாகப் பூஜை போட்டு வந்திருக்கிறார். வெள்ளியங்கிரி அவசரத்தில் கழுவாமல் எனக்கு மாட்டிவிட்டான்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். குரல் இறங்கிப் போயிருந்தது. "அந்த வேன் இப்ப எந்த டயர்ல போயிட்டிருக்கோ. உள்ள எட்டுப் பேர் உக்கார்ற வண்டி மேடம் அது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போன் செய்ய ஓடினாள்.

ஒரு வாரமாக எலியையும் ஆயிலையும் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தேன். இன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்த முகத்துக்கு அதைவிடக் குமட்டியது.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் மகுடா வந்தாள். பொட்டு விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. நம் ஊர் அல்லவா.

"அக்கா, நீங்க பால் பூத்துல சொன்னது எங்க மாமியா காது வரைக்கும் வந்துச்சுங்க."

"எது?"

"டீ கேன் கதைங்க. 'பிரேக்கு எதுன்னே தெரியாதவளுக்கு லைசென்ஸ் ஒரு கேடா, ஆரையாச்சும் ஏத்திக் கொன்னு போட்டு வந்து நிப்பே'ன்னாங்க. பொழுதுக்கும் அதே பேச்சுத்தானுங்க."

"சும்மா சிரிப்புக்குச் சொன்னது மகுடா."

"சிரிப்புத்தானுங்க வந்துச்சு எல்லாத்துக்கும்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. "அன்னிக்கு நான் இழுத்தனுங்க்கா. உங்ககிட்டயும் சொன்னன். நீங்க இல்லீன்னீங்க. அப்பறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு, இழுத்தனா இல்லியான்னு. ரெண்டு மாசமா தெருக் கூட்டறப்பகூட என்ர கை அதுபாட்டுக்கு இழுத்துப் பாக்குதுங்க."

நான் உள்ளே போய்க் காபி போட்டேன். சர்க்கரை இரண்டு தடவை போட்டுவிட்டேன். குடித்தாள்.

"28-ந் தேதி வண்டி நிக்குமா நிக்காதா, அத மட்டும் சொல்லுங்க. நிக்காதுன்னா இப்பவே சொல்லிருங்க, துடைப்பத்தோடயே இருந்துக்கறன்."

"நிக்கும்" என்றேன்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பித் திட்டியிருப்பேன், அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

ஜூலை 16, புதன்

பேங்குக்குப் போய் வந்தேன். வலது கை வளையல் இல்லாமல் லேசாக இருக்கிறது. இவர் பார்த்துவிட்டுப் பேப்பரை விரித்தார்.

ஜூலை 19, சனி

பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வேலை முடியும் வரை நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"ஆடி மாசத்துல புது டயரு வாங்கறதுங்களா?" என்று இழுத்தான் வெள்ளியங்கிரி.

"பொட்டு வெச்ச டயர ஆனியிலதான மாட்டுன? என்னாச்சு?"

ஜாக்கியை எடுக்கப் போய்விட்டான்.

காரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, அடியில் பார்க்க நானே குனிந்தேன். அந்தப் பெண் செய்ததில் பாதி, படுக்கவில்லை, இடுப்பு ஒத்துழைக்காது. ஹேண்ட் பிரேக் கேபிள் இருக்க வேண்டிய இடத்தில் கேபிளே இல்லை. கட்டுக்கம்பி. கொத்தனார் சென்ட்ரிங்குக்குக் கட்டுவார்களே, அந்தக் கம்பியை முறுக்கிக் கட்டி, துரு ஏறி, மேலே சேறு அப்பி.

"இது எப்ப கட்டுனது வெள்ளியங்கிரி?"

"மூணு வருசம் இருக்குங்க்கா. நீங்கதான 'இப்போதிக்கு என்னமோ பண்ணி உடு'ன்னீங்க."

சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பேன். என் வாய்தானே.

புதுக் கேபிள். புது டயர் நாலு. தகரத்தைப் பிய்த்துப் போட்டு முழுத் தரையும் மாற்றச் சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

பாஸ்.

இன்ஸ்பெக்டர் பெண் மறுபடியும் மண்ணில் படுத்தாள். கேபிளை விரலால் சுண்டிப் பார்த்தாள். ஒவ்வொரு டயரையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள், பொட்டுக்காக. கையெழுத்துப் போட்டுவிட்டு, "செங்கல் எங்க மேடம்?" என்றாள். முதன்முதலாகச் சிரித்தாள்.

மைதானத்து வாசலில் பெயிண்டரைக் கொண்டு கதவில் எஃப்.சி. தேதி எழுதிக்கொண்டேன். அடுத்த வருஷம் ஜூலை 23 வரை. அதை இரண்டு பேர் நின்று படித்தார்கள். நான் எழுதிய எதையும் இதுவரை யாரும் நின்று படித்ததில்லை.

ஜூலை 25, வெள்ளி

பால் பூத்தில் டீ கேன் கதையைப் பத்தாவது தடவை சொன்னேன். இந்தத் தடவை முடிவை மாற்றி. "அவ இழுத்தா. இழுக்கறதுக்கு அங்க கேபிளே இல்ல. கம்பி கட்டியிருந்துச்சு. கட்டச் சொன்னது நானு."

ஒருவரும் சிரிக்கவில்லை. பால் வாங்க வந்த டீச்சரம்மா ஒருவர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பூத்துக்காரர் சில்லறை எண்ணினார். கடைசியில் ஒரு அம்மா மட்டும் கேட்டாள்: "அப்ப எங்க பொண்ணும் அந்தக் கார்லதான ரெண்டு மாசம் ஓட்டுனா?"

ஆமாம் என்றேன். நடந்தே வீட்டுக்கு வந்தேன். மூன்று நிமிஷ வழிதான், ரொம்ப நேரமானது போல இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

மூன்று பேர் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் சேர்ந்திருக்கிறார்கள். அந்த ஸ்கூல்காரன் பெண்டாட்டி என் கதையை நடித்துக் காட்டுகிறாளாம். செங்கல் எடுக்கும் கட்டம் பிரமாதம் என்று கேள்வி.

ஜூலை 28, திங்கள்

மகுடாவுக்கு டெஸ்ட். நீலச் சேலை, தலையில் ஒரு முழம் பூ.  அவள் காரில் ஏறும் முன் நான் இன்ஸ்பெக்டரிடம் போனேன்.

"போன தடவை பின்னால உருண்டது இந்தப் புள்ளையால இல்லீங்க. என்ர வண்டியால."

"அது எனக்குத் தேவையில்லீங்க மேடம். இன்னிக்கு எப்படி ஓட்டறாங்கன்னுதான் பாப்பேன்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துகொண்டாள். அதுவும் சரிதான். நான் புளிய மரத்தடியில் நின்றேன்.

மகுடா காரை மேட்டில் ஏற்றினாள். நிறுத்தினாள். இழுத்தாள். கர்ர்ர் என்று பல் கடிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. கார் நின்றது. நான் மனசுக்குள் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வரை எண்ணினேன். நின்றுகொண்டே இருந்தது. மகுடா ஜன்னல் வழியே தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். என் கண்ணில் ஏதோ புளிய இலை விழுந்துவிட்டது.

பாஸ்.

திரும்பி வரும்போது அவள்தான் ஓட்டினாள். ரயில்வே கேட்டில் நின்றபோது தேவையே இல்லாமல் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள்.

"நல்லாருக்குதுங்க்கா" என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் ஹாரன். மகுடா, காக்கிச் சட்டை மாட்டி, குப்பை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினாள். ஐந்தாறு வீட்டுப் பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவள் மாமியார்கூடத் தெருமுனை வரை பின்னாலேயே நடந்து வந்து, ஒன்றும் தெரியாதவள் போல நின்றுகொண்டிருந்தாள்.

வண்டி நாறியது. அழுகிய தக்காளி, மீன் செதில், யாரோ வீட்டுப் பாப்பாவின் நாப்கின், எல்லாம் சேர்ந்த நாற்றம். பின் கதவிலிருந்து கறுப்பாக ஒரு தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்து என் கோலத்தில் விழுந்தது. எனக்கு இன்று குமட்டவில்லை. நானே எங்கள் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் கொட்டினேன்.

"ஏறி உக்காந்து பாக்கறீங்களா வாத்தியாரம்மா?" என்றாள் மகுடா, தெருவுக்கே கேட்கும்படி.

சிரித்துக்கொண்டே கதவருகில் போனேன். கதவில் காண்ட்ராக்டர் பெயருக்குக் கீழே வெள்ளைப் பெயிண்டில் எஃப்.சி. முடியும் தேதி எழுதியிருந்தது. போன வருஷம், மார்ச் 12.